முரண்டு பிடிக்கும் மேஜை: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

என் மேஜையில் மூன்று கணினிகள் இருக்கின்றன. ஒன்று வேலைக்கு, ஒன்று விளையாட்டுக்கு. மூன்றாவது, பன்னிரண்டு வயதான ஒரு மடிக்கணினி. அது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவரை உருப்படியான பதில் சொன்னதில்லை. அதன் விசைப்பலகை எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். இவை போக ஹெட்ஃபோன்கள், வெளி டிஸ்க்குகள், ஓர் இழுப்பறை நிறையக் கேபிள்கள்.

இத்தனை இருந்தால் ஏதாவது ஒன்று படுத்துக்கொண்டேதான் இருக்கும். அப்படிப் படுத்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஒவ்வொரு கோளாறுக்கும் மூன்றே வரி: கண்ணில் பட்டது என்ன, முதலில் எதைச் சந்தேகித்தேன், கடைசியில் அகப்பட்டது எது. இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் ஒத்துப்போன பக்கங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கணினியின் பாகங்கள் எல்லாம் மாட்டியிருக்கும் மதர்போர்டு போய்விட்டது என்று துக்கம் காத்த இடத்தில் கேபிள் அகப்பட்டிருக்கும். கீழே வருபவை அந்த நோட்டிலிருந்து எடுத்தவை.

தொடங்குவதற்கு முன் ஒரு நிபந்தனை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அவசரத்தில் கேபிளை மாற்றி, கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்து, கணினி எழுந்ததும் முதலில் ஓடும் பயாஸிலும் கைவைத்தால் கோளாறு போகலாம். எதனால் போனது என்று தெரியாது. அடுத்த மாதம் அது திரும்பி வரும்போது மூன்றையும் மறுபடி செய்துகொண்டிருப்பீர்கள்.

பொத்தானை அழுத்தினால் ஓர் அசைவும் இல்லை

வேறொரு கருவியைச் செருகி, சுவர் பிளக்கில் மின்சாரம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், என் நோட்டில் இது மூன்று முறை வந்திருக்கிறது. மேஜைக் கணினியாக இருந்தால் பின்பக்கம் மின்வழங்கிக்கென்று தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. தூசு துடைக்கும்போது அது அணைந்துவிடும்.

மடிக்கணினியில் சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரியும் கழலக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்னேற்றம் வடிந்து, மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சில்லு புதிதாகத் தொடங்கும். பிறகு சார்ஜரை மட்டும் செருகிப் பாருங்கள். மந்திரம் போலத் தோன்றும், ஆனால் பல முறை பலித்திருக்கிறது.

விசிறி சுற்றுகிறது, திரை இருட்டு

மேஜைக் கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், திரைக் கேபிள் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். மதர்போர்டின் துளையில் செருகிவிட்டு கார்டைத் திட்டுவது எல்லோரும் ஒருமுறை செய்வதுதான்.

மடிக்கணினியில் ஒரு டார்ச் விளக்கைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் கணினி நன்றாகவே வேலை செய்கிறது. திரைக்குப் பின்னிருந்து வெளிச்சம் தரும் விளக்கோ, கீல் வழியாகப் போகும் கேபிளோதான் கெட்டிருக்கிறது. மூடியை மெல்லத் திறந்து மூடும்போது ஒரு கோணத்தில் மட்டும் திரை உயிர் பெற்றால் அந்தக் கேபிளேதான். வெளித்திரை ஒன்றைச் செருகிப் பார்த்தால் சந்தேகம் முழுக்கத் தீரும்.

இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் தற்காலிக நினைவகமான ரேம். மின்சாரத்தைத் துண்டித்து, மடிக்கணினியில் பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டு, ரேம் பட்டைகளை எடுத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் தங்க முனைகளைத் துடையுங்கள். பிறகு ஒரே ஒரு பட்டையை மட்டும் செருகி முயலுங்கள். ஓடவில்லையா, அடுத்த பட்டை. அதுவும் இல்லையா, அடுத்த துளை. இந்த வரிசையில் போனால் பட்டை கெட்டதா துளை கெட்டதா என்பது தானாகப் பிரிந்துவிடும். டிடிஆர்5 வகை ரேம் உள்ள புதிய கணினிகளில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். பட்டையை மாற்றியபின் முதல் தடவை, ரேமின் வேகத்தையும் நேரக் கணக்கையும் சரிபார்த்து முடிக்கச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதுவரை திரை இருட்டாகத்தான் இருக்கும். நான் இரண்டாவது நிமிடத்தில் மின்சாரத்தை அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி அணைத்து ஒரு மாலை முழுவதையும் போக்கியிருக்கிறேன்.

கடிகாரம் பின்னால் போகிறது. இணையதளங்கள் திறக்க மறுக்கின்றன

இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தோன்றாது. உலாவி ‘இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று எல்லாத் தளங்களுக்கும் சொன்னால், மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி பத்தாண்டுகளுக்கு முன் வாழ்ந்துகொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ் எதுவும் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை.

காரணம் பெரும்பாலும் மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி காலத்திலிருந்து பேட்டரி உதவியோடு ஓடும் கடிகாரம் கணினிக்குள் இருக்கிறது. இன்று அநேகமாக சிஆர்2032 வகை: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். எண்ணிலேயே அளவு ஒளிந்திருக்கிறது, பாருங்கள். மல்டிமீட்டரில் 2.5 வோல்டுக்குக் கீழே காட்டினால் யோசிக்காமல் மாற்றிவிடலாம்.

மாற்றுவது ஒரு நிமிட வேலை. வினை அதற்குப் பிறகு வருகிறது. பல கணினிகளில் அந்தப் பேட்டரியை எடுத்தவுடன் பயாஸ் அமைப்புகளும் அழிந்து, தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். டிஸ்க் எந்த முறையில் இயங்க வேண்டும் என்ற அமைப்பு மாறிவிட்டால் விண்டோஸ் பூட் ஆகாது. பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துவிட்டுத்தான் நான் இப்போது பேட்டரியைத் தொடுகிறேன். டிஸ்க் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புக் குறியையும் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்; அமைப்புகள் மாறியதைக் கண்டு கணினி அதைக் கேட்கக்கூடும்.

புதிய பேட்டரிக்குப் பிறகும் நேரம் தவறுகிறது, அதுவும் எப்போதும் ஒரே அளவு தவறுகிறது என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு வரும் நோய் அது. விண்டோஸ் அந்தக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் தன் வழக்கப்படி படிப்பதால் உங்கள் நேர மண்டலத்தின் வித்தியாசம் அப்படியே பிழையாக வந்து நிற்கும். லினக்ஸ் அமைப்பில் உள்ளூர் நேரத்தையே பயன்படுத்தச் சொல்லிவிட்டால் சண்டை தீரும்.

சார்ஜ் ஏறுகிறது, கைபேசியைக் கணினி காணவில்லை

கேபிள். யூஎஸ்பி 2 கேபிளில் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவான கருவிகளோடு வரும் சில கேபிள்களில் பின்னிரண்டும் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

சி வகைக் கேபிள் வந்தபின் இந்தக் குழப்பம் கூடியது. முனை ஒன்றுதான், உள்ளே என்ன இருக்கிறது என்பது கேபிளுக்குக் கேபிள் வேறு. பார்க்கத் தடிமனாக, அழகாகப் பின்னல் உறை போட்ட கேபிள்கூட உள்ளே யூஎஸ்பி 2 ஆக இருக்கலாம். ஒரு கிகாபைட் கோப்பை, சுழலும் பாகம் இல்லாத வேகமான வெளி டிஸ்க்குக்கு, அதாவது எஸ்எஸ்டிக்குப் பிரதி எடுத்துப் பாருங்கள். நான்கைந்து விநாடியில் முடிந்தால் நல்ல கேபிள். அரை நிமிடம் ஆனால் விநாடிக்கு 480 மெகாபிட் என்ற பழைய எல்லையில் நிற்கிறீர்கள். சார்ஜிலும் இதே கதை: சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர் வரைதான் தாங்கும், அதாவது 60 வாட். அதற்கு மேல் கேட்கும் மடிக்கணினிக்குத் தன் தகுதியைச் சொல்லும் சில்லு பதித்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். இல்லாவிட்டால் ‘மெதுவாக சார்ஜ் ஆகிறது’ என்ற செய்தி வரும். சார்ஜரை மாற்றினால் அது போகாது.

என் இழுப்பறையில் இருந்த எல்லாக் கேபிள்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிச் சோதித்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் துண்டுக் காகிதம் ஒட்டினேன். தகவல் போகாத மூன்றைத் தூக்கிப் போட்டேன். நோட்டில் வரும் பக்கங்களின் எண்ணிக்கை அந்த மாதத்திலிருந்தே குறைந்தது.

வெளி டிஸ்க்கைச் செருகினால் வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறது

மவுஸின் பேட்டரியை மாற்றுவீர்கள், டிரைவரை அழித்துப் போடுவீர்கள், கடைசியில் புது மவுஸ் வாங்குவீர்கள், அதுவும் தடுமாறும். யூஎஸ்பி 3 இணைப்பு வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உமிழ்கிறது. வயர்லெஸ் மவுஸ், புளூடூத், பழைய வைஃபை எல்லாம் குடியிருப்பது அங்கேதான். 2012இலேயே இன்டெல் இதை அளந்து ஓர் ஆவணமாக வெளியிட்டது.

மவுஸின் ரிசீவரை டிஸ்க்கின் பக்கத்துத் துளையிலிருந்து எடுத்து, கணினியின் மறுபக்கம் செருகுங்கள். போதவில்லை என்றால் சிறிய யூஎஸ்பி 2 நீட்டிப்புக் கேபிள் ஒன்றில் ரிசீவரை மாட்டி, மவுஸுக்கு அருகில் கொண்டுவந்து வையுங்கள். வைஃபை மட்டும் தடுமாறினால் ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு மாறிக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்து தெரியவில்லை. அல்லது தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை

கோப்பைத் திறந்தால் தமிழ் இல்லை என்று சொல்வது போதாது. தமிழுக்குப் பதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

வெற்றுப் பெட்டிகள் வரிசையாக இருந்தால் எழுத்துகள் பத்திரமாக இருக்கின்றன, எழுத்துரு மட்டும் இல்லை. லினக்ஸை வெறுமையாக நிறுவினால் இப்படி வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் பெட்டிகள் உடனே வாய் திறக்கும்.

லத்தீன் எழுத்துகள் கண்டபடி கொட்டிக் கிடந்தால் இரண்டு சாத்தியங்கள். தலையில் கோடு போட்ட ‘ஏ’ எழுத்தும் பக்கத்தில் பதிவுபெற்ற வணிகக் குறியும் சேர்ந்து திரும்பத் திரும்ப வந்தால், அது யூனிகோட் எனப்படும் ஒருங்குறியை, அதாவது எல்லா மொழிகளுக்குமான பொது எழுத்துக் குறிமுறையை, யூடிஎஃப்-8 முறையில் சேமித்த நல்ல தமிழ். அந்த முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள். முதலிரண்டு பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால்தான் இந்தச் சோடி கண்ணில் படுகிறது. விரிதாள் மென்பொருளில், காற்புள்ளியால் பிரித்த அட்டவணையான ஒரு சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது அடிக்கடி நேர்வது இது. மூடிவிட்டு, இறக்குமதி செய்யும் வழியில் போய் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். அப்படி ஒரு சோடியும் தென்படவில்லை, ஒழுங்கில்லாத எழுத்துக் குவியல்தான் என்றால், ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் அடித்த கோப்பாக இருக்கும். லத்தீன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த காலம் அது. அந்த எழுத்துருவைத் தேடிப் போடுவது தற்காலிகத் தீர்வு. குறிமாற்றி ஒன்றில் கொடுத்து ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்விக்குறிகள் இருந்தால் கதை முடிந்தது. தமிழைத் தாங்காத ஒரு குறிமுறையில் யாரோ சேமித்துவிட்டார்கள். ஒவ்வொரு எழுத்தும் உண்மையிலேயே கேள்விக்குறியாக மாறி எழுதப்பட்டுவிட்டது. எழுத்துருவோ மாற்றியோ உதவாது. பழைய பிரதியைத் தேடுங்கள்.

இவற்றைவிட என்னை அலைக்கழித்தது வேறொன்று. ‘மௌனம்’ என்ற பெயரில் ஒரு கோப்பு வைத்திருந்தேன். கண்ணெதிரே கோப்புறையில் இருக்கிறது. தேடல் பெட்டியில் ‘மௌனம்’ என்று அடித்தால் ஒன்றும் இல்லை என்கிறது. தேடலின் அட்டவணையை அழித்துப் புதிதாகக் கட்டினேன். இரவு முழுவதும் கட்டியது. காலையிலும் மௌனம் மௌனமாகவே இருந்தது. கோப்பின் பெயரில் அம்புக்குறியை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தியபோதுதான் பிடிபட்டது: பெயர் வைத்த அன்று ‘மெ’ அடித்து, பக்கத்தில் ‘ள’ அடித்திருக்கிறேன். ‘மெளனம்’. ஔகாரக் குறியில் இருக்கும் கால்பகுதியும் ளகரமும் கண்ணுக்கு ஒன்று. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

இதற்கு உறவுக்காரர்களும் உண்டு. ‘கொ’ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டாகவும் சேமிக்கலாம். இரண்டும் சமம் என்று ஒருங்குறித் தரம் சொல்கிறது. எல்லா மென்பொருளும் அந்தத் தரத்தை மதித்து நடப்பதில்லை. ஒரு இயங்குதளத்திலிருந்து இன்னொன்றுக்குக் கோப்புகளை மாற்றும்போது பெயர்கள் சத்தமில்லாமல் பிரிந்துவிடுவதும் உண்டு. ‘ஸ்ரீ’யும் அப்படியே. ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். திரையில் பெரும்பாலும் ஒரே முகம். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய பெயர்களில் கண்ணுக்கே தெரியாத இணைப்புக் குறிகளும் ஒட்டிக்கொண்டு வரும்.

சந்தேகம் வந்தால், சிக்கலான எழுத்தை விட்டுவிட்டு மிச்சத் துண்டை மட்டும் தேடுங்கள். எனக்கு ‘னம்’ போதுமானதாக இருந்தது. கிடைத்தவுடன் பெயரை முழுதாக அழித்துப் புதிதாக அடியுங்கள். கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வரும் இடத்தை எல்லாம் ஒரே ஆணையில் ஔகாரக் குறியாக மாற்றிவிடலாமே என்று கை பரபரக்கும். மாற்றாதீர்கள். வெள்ளம், தெளிவு, வெளிச்சம் எல்லாவற்றிலும் அதே சோடி இருக்கிறது. நான் மாற்றினேன். ‘வெள்ளி’ என்று தொடங்கும் அத்தனை கோப்புகளும் வாசிக்க முடியாத ஜந்துக்களாயின.

அழைப்பு வந்ததும் ஹெட்ஃபோன் பழைய தொலைபேசியாகிறது

பாட்டு கேட்கும்வரை அருமையாக இருந்த புளூடூத் ஹெட்ஃபோன், மைக் திறந்த நொடியில் கிணற்றுக்குள் இருந்து பேசுகிறது. ஹெட்ஃபோன் பழுதில்லை. பாட்டுக்கு ஒலி ஒரே திசையில் போனால் போதும், அதனால் தரத்துக்கு இடம் இருக்கிறது. மைக் வேலை செய்யத் தொடங்கினால் இரு திசையிலும் போக வேண்டும். புளூடூத் அழைப்பு முறைக்குத் தாவுகிறது. விநாடிக்கு 44,100 மாதிரிகளில் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள்தான் கிடைக்கும்.

ஒலி அமைப்பில் உள்ளீட்டுக்கு மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், வெளியீடு ஹெட்ஃபோனிலேயே இருக்கட்டும். தரம் உடனே திரும்பும். விளையாட்டுகள் சில, நீங்கள் பேசாவிட்டாலும் மைக்கைத் திறந்து வைத்துக்கொள்ளும். அங்கும் இதே வழி.

கணினி மெதுவாகிவிட்டது

எப்போது மெதுவாகிறது?

தொடங்கிய நொடியிலிருந்தே என்றால், விண்டோஸின் பணி மேலாளரில் கணினி எத்தனை நாளாக விழித்திருக்கிறது என்று பாருங்கள். தினமும் அணைக்கிறேனே என்பீர்கள். அங்கே முப்பது நாள் என்றிருக்கும். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், அணைக்கும்போது இயங்குதளத்தின் மையத்தை டிஸ்க்கில் உறங்கவைத்து மறுநாள் எழுப்பும் வழக்கம் இருக்கிறது. உண்மையாகவே புதிதாகத் தொடங்க ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும். அதே இடத்தில் டிஸ்க் நூறு சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால், உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்தானா என்று பாருங்கள். எஸ்எஸ்டிக்கு மாற்றுவதைப் போல ஒரு பழைய கணினிக்கு வேறெதுவும் உயிர் கொடுத்து நான் பார்த்ததில்லை.

பத்து நிமிடம் கழித்து, விசிறி அலறத் தொடங்கியபின் என்றால் சூடு. செயலி தன் எல்லையை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மடிக்கணினிகளில் அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ் அருகே இருக்கும். வெளியிலிருந்து காற்று ஊதுவது அரைகுறை வேலை. விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவில் தூசு கம்பளி போலப் படிந்திருக்கும். விசிறியைக் கழற்றினால்தான் அது கையோடு வரும். ஊதும்போது விசிறியைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் ஆமை வேகம் என்றால் சார்ஜரைக் கணினி அடையாளம் கண்டுகொள்ளவில்லை. சில மடிக்கணினிகள் அறிமுகம் இல்லாத சார்ஜரைக் கண்டால் பாதுகாப்புக்காகச் செயலியை மிகக் குறைந்த வேகத்தில் பூட்டிவிடும். முனையின் நடுவில் இருக்கும் ஊசி வளைந்திருந்தாலும் இதே விளைவுதான்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டக், டக்

கையை எடுங்கள். சரிசெய்யும் கருவி எதையும் ஓட்டாதீர்கள். அது டிஸ்க் முழுவதையும் உழுது, மிச்சமிருக்கும் உயிரையும் வாங்கிவிடும். திறக்கிறது என்றால் முக்கியமான கோப்புகளை முதலில் வெளியே எடுங்கள். பிறகு ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ போன்ற மீட்பு மென்பொருள் ஒன்றால் முழுப் பிரதி எடுத்து, ஆராய்ச்சியை அந்தப் பிரதியில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பிழைக்கும் என்று இன்னும் சொல்கிறார்கள். ஈரம் உள்ளே கட்டும், அதுதான் நடக்கும்.

சத்தம் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 5ஆம் எண்ணையும் 197ஆம் எண்ணையும் மாதம் ஒருமுறை பாருங்கள். முதலாவது, கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டாவது, படிக்கத் திணறிக் காத்திருக்கும் பகுதிகள். சுழியமாக இருக்கும்வரை நிம்மதி. வாரத்துக்கு வாரம் ஏறினால் புது டிஸ்க்குக்குச் சொல்லிவிடுங்கள்.

ஒருமுறை அழுத்தினால் இரண்டு எழுத்து விழுகிறது

மெக்கானிக்கல் விசைப்பலகையில் உள்ளே இருக்கும் உலோக இதழ் தேய்ந்தோ அழுக்கடைந்தோ துள்ளுகிறது. சுவிட்சைக் கழற்றி மாட்டக்கூடிய வகை என்றால், ஸ்குரோல் லாக் விசையின் சுவிட்சோடு இடம் மாற்றிவிடுங்கள். அந்த விசையை நான் கடைசியாக எப்போது தொட்டேன் என்று நினைவில்லை.

டச்பேட் அழுந்தவில்லை, மூடி சரியாக மூடவில்லை, கணினி மேஜையில் ஆடுகிறது

இந்த மூன்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே கவனியுங்கள். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி வாயு சேர்ந்து உப்பியிருக்கக்கூடும்; அது டச்பேடை அடியிலிருந்து தள்ளுகிறது. சார்ஜரை எடுத்து, கணினியை அணையுங்கள். அழுத்தித் தட்டையாக்கப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை விடலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள், துளைபட்டால் தீப்பிடிக்கும். திறந்து பழக்கம் இல்லை என்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். கழற்றிய பேட்டரி வீட்டுக் குப்பைக்குப் போகக் கூடாது, மின்கழிவு சேகரிக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். அதுவரை எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள்.

அந்தப் பன்னிரண்டு வயது மடிக்கணினி ஒருநாள் மேஜையில் ஆடத் தொடங்கியது. நான் காகிதத்தை நான்காக மடித்து மேஜைக் காலுக்கு அடியில் வைத்துவிட்டு, ஒரு வாரம் அதன் மேல் கைவைத்து எழுதிக்கொண்டிருந்தேன். நோட்டில் அந்தப் பக்கத்தின் இரண்டாம் வரியில் ‘மேஜைக் கால்’ என்றுதான் இன்னும் இருக்கிறது.